கடல்காற்று வாசல்ல... கொசுவத்திப் புகை வீட்டுக்குள்ள! பட்டினப்பாக்கம் வீடுகளில் காற்றைச் சரிசெய்வது எப்படி?

சாயங்காலம் ஆறரை மணி. மந்தைவெளி, மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள் வண்டியை ஓரம் போட்டுவிட்டு பட்டினப்பாக்கம் கடற்கரை மணலில் காற்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புகளில் அதே நேரத்தில் ஒவ்வொரு ஜன்னலாக மூடும். "கொசு வந்துடும், சீக்கிரம் சாத்து" என்ற குரல் ஏதாவது ஒரு வீட்டில் இருந்து கண்டிப்பாகக் கேட்கும்.

அதற்கப்புறம் உள்ளே நடப்பதைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். ஜன்னல் சாத்தியாச்சு. கொசுவத்திச் சுருள் ஏற்றியாச்சு. சாமி படத்துக்கு முன்னால் ஊதுபத்தி. வெள்ளிக்கிழமை என்றால் கூடவே சாம்பிராணி. எட்டு மணிக்கு வஞ்சிரமோ சங்கராவோ கல்லில் விழும். மிளகாய்த்தூள் நெடி ஹால் வரை வந்து எல்லாரும் இருமுவார்கள். ஒன்பதரைக்கு பெட்ரூம் கதவைச் சாத்தி ஏசி போடுவார்கள். காலை ஆறு மணி வரை அந்த அறைக்குள் புதுக் காற்று என்று ஒன்று கிடையாது.

அதாவது, கடல்காற்று முதலில் வந்து மோதும் ஏரியாவில் குடியிருந்துகொண்டு, ஒரு நாளின் மோசமான காற்றை நாம் நம் வீட்டுக்குள்ளேயே தயார் செய்து சுவாசிக்கிறோம். சொல்கிற நானும் இதே ஏரியாவில்தான் வாடகைக்கு இருக்கிறேன். மேலே சொன்ன வரிசையில் மீன் தவிர மற்ற எல்லாம் போன வருஷம் வரை எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். எதிர் வீட்டுச் சின்னப் பையனுக்கு வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வீசிங் வரும். நெபுலைசர் சத்தம் எங்கள் ஹால் வரை கேட்கும். அந்த வீட்டிலும் சுருள் எரியும். ஏற்றாவிட்டால் கொசு, டெங்கு பயம். ஏற்றினால் இருமல். இந்த இரண்டுக்கும் நடுவில் வழி இருக்கிறதா என்பதுதான் இந்தக் கட்டுரை.

வெளியே அளக்கிறார்கள், உள்ளே?

சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, பெருங்குடி, அரும்பாக்கம், ராயபுரம், கொடுங்கையூர் போன்ற இடங்களில் காற்றின் தரத்தைத் தானாக அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. அந்த எண்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' ஆப்பில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தினமும் டிவியில் நாங்கள் ஓட்டும் 'சென்னையில் காற்றின் தரம்' செய்தி இந்த நிலையங்களை வைத்துத்தான். ஆனால் அதெல்லாம் தெருக்காற்று. நாம் தூங்குவது, சமைப்பது, பிள்ளைகள் படிப்பது எல்லாம் நாலு சுவருக்குள்.

அளவுகோலில் முக்கியமானது பி.எம் 2.5. குறுக்களவு 2.5 மைக்ரானுக்குள் இருக்கும் நுண்துகள்; ஒரு தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. மூக்கு, தொண்டையில் மாட்டாமல் நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காரும். ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேர சராசரியாக 60 மைக்ரோகிராம் வரை போகலாம் என்பது இந்திய விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் திருத்திய வழிகாட்டுதலில் 15-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. எந்த அளவுகோலை எடுத்தாலும் சரி, சின்ன அறையில் எதையாவது எரித்தால் சில நிமிடங்களில் தாண்டிவிடலாம்.

'ஒரு சுருள் = 100 சிகரெட்' உண்மையா?

வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் தகவல் இது. ஆதாரம் இல்லாத வதந்தி அல்ல. ஆனால் பாதியில் நறுக்கிய உண்மை.

'என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ்' என்ற ஆய்விதழில் 2003-ல் ஒரு ஆய்வு வந்தது. சீனா, மலேசியாவில் விற்கும் சுருள்களை எரித்து, வரும் புகையை அளந்தார்கள். ஒரு சுருள் முழுதாக எரிந்து முடியும்போது வெளியாகும் பி.எம் 2.5 அளவு, 75 முதல் 137 சிகரெட் எரியும்போது வெளியாகும் அளவுக்குச் சமம் என்று வந்தது. ஃபார்மால்டிஹைடு என்ற வாயு, சில சுருள்களில் 51 சிகரெட் அளவுக்கு இருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, இது சுருளில் இருந்து வெளியாகும் புகையின் கணக்கு. உங்கள் நுரையீரலுக்குள் போகும் கணக்கு அல்ல. சிகரெட் பிடிப்பவர் புகையை நேரடியாக உள்ளே இழுக்கிறார். சுருளின் புகை அறை முழுக்கப் பரவி, அதில் ஒரு பங்குதான் நம் மூச்சில் போகிறது. அதனால் 'ஒரு சுருள் ஏற்றினால் நூறு சிகரெட் பிடித்த மாதிரி' என்பது தப்பு. ஆனால் அந்த 'ஒரு பங்கு' எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இரண்டே விஷயம்: அறையின் அளவும், ஜன்னல் திறந்திருக்கிறதா என்பதும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில், எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் வைத்து எட்டு மணி நேரம் எரியவிட்டால் பங்கு பெரிதாகும். கைக்குழந்தை பெரியவர்களைவிட வேகமாக மூச்சு விடும். பாயில் படுப்பதால் சுருளுக்கு அருகிலும் இருக்கும்.

சுருளில் கொசுவைக் கொல்லும் மருந்து மிகக் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் மரத்தூள், தேங்காய் ஓட்டுத்தூள், பசை. அதைத்தான் ராத்திரி முழுக்க எரிக்கிறோம். 'புகையில்லா சுருள்' என்று விற்பதும் எரியும் பொருள்தான். புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதால் கார்பன் மோனாக்சைடு வரவில்லை என்று அர்த்தம் இல்லை. பெட்டிக்கடையில் பெயர் தெரியாத கொசு ஊதுபத்தி வாங்குகிறவர்கள் பாக்கெட்டைத் திருப்பி சி.ஐ.ஆர். எண் இருக்கிறதா என்று பாருங்கள். பூச்சிமருந்து என்றால் 1968 சட்டப்படி அது பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். எண் இல்லாவிட்டால் உள்ளே என்ன மருந்து என்று யாருக்கும் தெரியாது.

லிக்விட் மெஷினில் புகை கிடையாது, அந்த வகையில் சுருளைவிடப் பரவாயில்லை. ஆனால் அதுவும் ஆபத்தே இல்லாதது என்று சொல்ல முடியாது. 2023 ஆகஸ்டில் மணலி அருகே மாத்தூரில் ஒரு பாட்டியும் மூன்று பேத்திகளும் தூக்கத்திலேயே மூச்சுத்திணறி இறந்தார்கள். கொசுவிரட்டி மெஷின் சூடாகி உருகி, பக்கத்தில் இருந்த அட்டைப்பெட்டியில் தீப்பிடித்து அறை முழுக்கப் புகை சூழ்ந்ததாக முதற்கட்ட விசாரணையில் போலீஸார் தெரிவித்தனர். மெஷினைத் துணி, மெத்தை, அட்டைப்பெட்டி பக்கத்தில் இருக்கும் பிளக்கில் போடாதீர்கள். லூஸான பிளக் பாயின்ட்டிலும் வேண்டாம். தூங்கும் முன் ஓட்டிவிட்டு, படுக்கும்போது அணைத்துவிடுவது நல்லது.

அப்போ கொசுவை என்னதான் செய்வது?

பட்டினப்பாக்கத்தில் கொசு பிரச்சினை இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாய், இன்னொரு பக்கம் அடையாறு முகத்துவாரம். ஆனால் எந்தக் கொசு எப்போது கடிக்கும் என்று தெரிந்தால் பாதி வேலை மிச்சம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. காலையிலும் பொழுது சாய்வதற்கு முன்பும் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம். ராத்திரி காதில் ரீங்காரமிடும் கியூலெக்ஸ், சாக்கடைத் தண்ணீரில் வளர்வது. சென்னையில் மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சி, மாடித் தொட்டியிலும் கிணற்றிலும் முட்டையிடுவது. ஆக, 'டெங்கு வந்துடும்' என்று பயந்து ராத்திரி பத்து மணிக்குச் சுருள் ஏற்றினால் டெங்கு கொசு அதற்கு முன்பே வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கும். டெங்குவுக்கு மருந்து ராத்திரிப் புகையில் இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், மூடாத டிரம் ஆகியவற்றின் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுவதில் இருக்கிறது.

மீதிக் கொசுவுக்கு வலை. ஜன்னலுக்கு நெட் அடிப்பதைச் செலவு என்று தள்ளிப்போடுகிறோம். ஆனால் இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் காசு செலவழிக்க முடியும் என்றால் அது இதற்குத்தான் என்பேன். காரணம், நெட் கொசுவை மட்டும் தடுப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வைக்க உங்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. எங்கள் வீட்டு ஓனர் ஃபிரேமில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதால் வெல்க்ரோ ஒட்டும் ஃபைபர் நெட் போட்டோம். வாடகை வீட்டுக்கு அதுவே வசதி. காலி பண்ணும்போது பிய்த்துக்கொண்டு போகலாம். கடலோரத்தில் சாதா இரும்பு வலை வேண்டாம், உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துக் கையோடு வரும். ஃபைபர் அல்லது நல்ல தரமான ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் உப்பும் தூசும் சேர்ந்து ஓட்டை அடைத்துக் காற்றே வராது. நெட்டுக்கே வழியில்லாத வீட்டில் பழைய கொசுவலைதான். பாட்டி காலத்துப் பொருள், இன்றைக்கும் அதை அடிக்க ஆள் இல்லை.

ஜன்னலை எப்போது திறக்கணும்?

'காற்றோட்டமா வைங்க' என்று எல்லா டாக்டரும் சொல்வார்கள். எப்போது என்று சொல்ல மாட்டார்கள். நம் ஊருக்கு அதற்கு ஒரு டைம்டேபிள் இருக்கிறது.

வெயில் ஏறினால் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேல் இருக்கும் சூடான காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடல் மேலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். கோடையில் பெரும்பாலும் நண்பகலை ஒட்டி இது தொடங்கும். மேற்கிலிருந்து வரும் காற்று பலமாக இருந்தால் தாமதமாகும். அன்றைக்குத்தான் நுங்கம்பாக்கத்தில் 40 டிகிரியைத் தாண்டும், 'கடல்காற்று லேட்' என்று நாங்கள் செய்தி போடுவோம். கடல்மேல் வாகனமும் இல்லை, கட்டட வேலையும் இல்லை. அதனால் பொதுவாக இந்தக் காற்று சுத்தமானது. பிற்பகலில் இருந்து முன்னிரவு வரை நமக்கு இலவசமாகக் கிடைப்பது இதுதான். நாம் ஜன்னலைச் சாத்துவதும் இந்த நேரத்தில்தான்.

நள்ளிரவுக்கு மேல் நிலைமை தலைகீழ். நிலம் குளிர்ந்து, காற்று ஊருக்குள்ளிருந்து கடலைப் பார்த்து மெல்லப் போகும். சாந்தோம் நெடுஞ்சாலையின் புகையும், மெட்ரோ வேலை நடக்கும் மயிலாப்பூர், மந்தைவெளி தெருக்களின் தூசும் நம்மைக் கடந்துதான் போக வேண்டும். மார்கழி, தை மாத விடியற்காலையில் காற்று அசையாமல் நிற்கும். பனியோடு புகையும் தரையை ஒட்டித் தங்கும். அந்த மாதங்களில் விடிந்ததும் ஜன்னலைத் திறப்பதைவிட, வெயில் வந்த பிறகு திறப்பது மேல்.

திறக்கவே கூடாத நாட்களும் உண்டு. தீபாவளி ராத்திரி. போகி விடியற்காலை. 2018 போகி அன்று டயர், பிளாஸ்டிக் எல்லாம் சேர்த்து எரித்த புகையில் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன. அந்தக் காலை மட்டும் எல்லாவற்றையும் சாத்திவிட்டு, வெயில் ஏறியதும் திறங்கள். மற்ற நாட்களில் சந்தேகமாக இருந்தால் 'சமீர்' ஆப்பில் பக்கத்து நிலையத்தைப் பாருங்கள். ஏ.க்யூ.ஐ. 100-க்குள் இருந்தால் யோசிக்காமல் திறக்கலாம்.

ஒரு ஜன்னலை மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். எதிர்ப் பக்கத்தில் இன்னொரு வழி வேண்டும். ஜன்னல் இல்லாவிட்டால் வாசல் கதவு, பாத்ரூம் வென்டிலேட்டர் எதுவானாலும் சரி. காற்று உண்மையிலேயே ஓடுகிறதா என்று பார்க்க, ஊதுபத்தி ஒன்றை ஏற்றி அறைக்கு நடுவில் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். ஊதுபத்தியை நான் சிபாரிசு செய்வது இந்த ஒரு காரியத்துக்குத்தான்.

அக்னி மூலையும் மீன் வறுவலும்

வாஸ்து பார்த்துக் கட்டிய வீடுகளில் சமையலறை தென்கிழக்கில், அக்னி மூலையில் இருக்கும். நம் கடல்காற்று வருவதும் கிழக்கு, தென்கிழக்கில் இருந்துதான். விளைவு என்ன? காற்று முதலில் சமையலறைக்குள் நுழைந்து, தாளிப்பு நெடியையும் எண்ணெய்ப் புகையையும் எடுத்துக்கொண்டு ஹால் வழியாக பெட்ரூமுக்குப் போகிறது. எக்ஸாஸ்ட் ஃபேனும் அதே கிழக்குச் சுவரில் இருந்தால் அது கடல்காற்றை எதிர்த்துத் தள்ளப் போராடிக்கொண்டிருக்கும்.

உங்கள் வீட்டில் அப்படியா என்று தெரிந்துகொள்வது சுலபம். எக்ஸாஸ்டை ஓடவிட்டு ஒரு துண்டு நியூஸ்பேப்பரை அதன் அருகே பிடியுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் இழுக்கிறது. படபடவென்று உங்கள் பக்கம் வந்தால் வேலை செய்யவில்லை. அப்படிப்பட்ட வீட்டில் சமைக்கும்போது கிழக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு, மேற்கிலோ வடக்கிலோ வேறு வழி இருந்தால் அதைத் திறங்கள். சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் கதவு இருந்தால் சாத்துங்கள். கதவு இல்லாத வீட்டில் கனமான திரை போட்டால்கூட வித்தியாசம் தெரியும். அடுப்புக்குத் தள்ளி மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

எக்ஸாஸ்டை வாணலி புகைய ஆரம்பித்த பிறகு போடுவதுதான் நம் பழக்கம். அடுப்பைப் பற்ற வைக்கும்போதே போட்டு, அணைத்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிட வேண்டும். இறக்கையில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, கைவிரல் வைத்தால் ஒட்டுகிற நிலையில் இருந்தால் அது பாதி காற்றைக்கூட வெளியே தள்ளாது. சிம்னி வாங்குகிறவர்கள் குழாய் வழியாக வெளியே விடும் மாடலாகப் பாருங்கள். குழாய் இல்லாத சிம்னி எண்ணெயை வடிகட்டிவிட்டு மீதியைத் திரும்ப உங்கள் சமையலறைக்கே கொடுக்கும்.

'நாங்க கேஸ்லதானே சமைக்கிறோம்' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கல்பனா பாலகிருஷ்ணனின் குழு பல வருஷங்களாக வீட்டுப் புகையை ஆராய்ந்து வருகிறது. 'ஹாபின்' என்ற சர்வதேச ஆய்வின் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா மற்ற மூன்று நாடுகள். மொத்தம் 3,200 கர்ப்பிணிகள். பாதிப்பேருக்கு கேஸ் அடுப்பும் 18 மாத சிலிண்டரும் இலவசம், மீதிப்பேர் வழக்கமான விறகடுப்பு. 2022-ல் முடிவு வந்தது. விறகடுப்புப் பெண்கள் சுவாசித்த பி.எம் 2.5 சராசரி 103 மைக்ரோகிராம். கேஸுக்கு மாறியவர்களுக்கு 35. மூன்றில் ஒரு பங்கு! ஆனால் பிறந்த குழந்தைகளின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. 2,921 கிராம், 2,898 கிராம்.

இதைப் படித்துவிட்டு 'அப்போ கேஸால் பிரயோஜனம் இல்லை' என்று முடிவு கட்டக் கூடாது. எடை என்பது ஒரே ஒரு அளவுகோல். எனக்கு இதில் தெரிவது வேறு: புகையைக் கிளப்பும் பொருளை மாற்றியதும் புகை மளமளவென்று குறைந்தது. வேறு எந்த மெஷினும் அங்கே தேவைப்படவில்லை. அதே சமயம் கேஸுக்கு மாறிய பிறகும் 35, அதாவது உலக சுகாதார நிறுவனத்தின் 15-ஐவிட இரண்டு மடங்குக்கு மேல். கேஸ் வந்துவிட்டதால் எல்லாம் முடிந்துவிடாது. வறுவல் புகை எண்ணெயிலிருந்து வருவது. அடுப்பு எதுவானாலும் வரும். சுடர் நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால் பர்னர் அடைத்திருக்கிறது, கழுவுங்கள்.

சாம்பிராணியைப் பற்றியும் சொல்லியாகணும்

இதை எழுதும்போது கொஞ்சம் தயக்கமாகத்தான் இருக்கிறது. சாம்பிராணி வாசனை வந்தால்தான் எனக்கே வெள்ளிக்கிழமை வந்த மாதிரி இருக்கும். ஆனால் நுரையீரலுக்குப் புகை புகைதான். சாமிக்கு ஏற்றியதா கொசுவுக்கு ஏற்றியதா என்று அது பார்க்காது. நிறுத்தச் சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள், போட்டு முடித்ததும் தட்டை பால்கனியில் வையுங்கள். கரித்துண்டு கனன்றுகொண்டிருக்கும் தட்டை மூடிய அறைக்குள் விட்டுவிட்டுத் தூங்கவே கூடாது. கரி எரிந்தால் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு வரும். தலைக்குக் குளித்த குழந்தைக்குச் சாம்பிராணி காட்டுவது மட்டும் வேண்டாம். குழந்தைக்கு வீசிங் இருக்கும் வீட்டில் கண்டிப்பாக வேண்டாம். தலை துவட்ட ஒரு துண்டு போதும்.

வீட்டுக்குள் சிகரெட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பால்கனிக்குப் போங்கள் என்றால், கடல்காற்று அதையும் திரும்ப உள்ளேதான் கொண்டுவரும்.

ஏசி, பியூரிஃபையர், மணிபிளான்ட்

ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருப்பதையே சுழற்றிச் சுழற்றிக் குளிரவைக்கிறது. அதன் வலை பெரிய தூசை மட்டும்தான் பிடிக்கும். நான்கு பேர் படுக்கும் அறையில் காலையில் எழும்போது தலை கனப்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். படுக்கும் முன் பத்து நிமிடம் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள், ராத்திரி கதவை ஒரு விரற்கடை திறந்து வையுங்கள். வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாயில் காட்டிக் கழுவினால் கரன்ட் பில்லும் குறையும்.

பியூரிஃபையர் வாங்கலாமா? வீட்டில் ஆஸ்துமா இருக்கிறது, ஜன்னலோ மெயின்ரோட்டைப் பார்த்து இருக்கிறது என்றால் வாங்கலாம். 'ஹெப்பா' ஃபில்டர் இருக்க வேண்டும், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அந்தத் தரம். பெட்டியில் 'சி.ஏ.டி.ஆர்.' என்று ஒரு எண் இருக்கும், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கன மீட்டர் காற்றைச் சுத்தம் செய்யும் என்று அர்த்தம். பத்துக்குப் பன்னிரண்டு, பத்தடி உயர அறையில் சுமார் 34 கன மீட்டர் காற்று இருக்கும். மணிக்கு ஐந்து முறை அதைச் சுத்தம் செய்ய 170 தேவை. அதற்குக் குறைவான எண் என்றால் அழகுப் பொருள். ஓசோன் விடும் மாடல் வேண்டவே வேண்டாம், ஓசோனே நுரையீரலுக்கு எரிச்சல். முக்கியமாக, ஒரு பக்கம் சுருள் எரியவிட்டு மறுபக்கம் பியூரிஃபையர் ஓட்டுவது, குழாயைத் திறந்துவிட்டு வாளியால் இறைப்பது மாதிரி.

செடி விஷயம் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். 'நாசாவே சொல்லிடுச்சு' என்று நர்சரியில் விற்பார்கள். நாசா 1989-ல் சோதித்தது மூடிய சின்னக் கூண்டுக்குள். 2019-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளை எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். ஜன்னலும் கதவும் தரும் காற்றோட்டத்துக்கு ஈடாகச் செடிகள் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடிகள் தேவை என்று வந்தது. நம் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குக் குறைந்தது 110 செடி! கண்ணுக்குக் குளிர்ச்சிக்கு வையுங்கள். தட்டில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கேதான் ஏடிஸ் குடியிருக்கும்.

சுவரில் ஓதம், பாத்ரூமில் ஆசிட்

கடலோர ஈரமும் பழைய கட்டடமும் சேர்ந்தால் ஓதம். பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் பக்கம் பழைய பிளாக்குகளில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஐப்பசி மழைக்குப் பிறகு சுவரின் மூலையில் கரும்புள்ளியாகப் பூஞ்சை படரும். அதன் நுண்விதைகள் காற்றில் பறந்து இருமலையும் வீசிங்கையும் தூண்டும். மேலே பெயின்ட் அடித்தால் இரண்டு மாதம் மறையும், அப்புறம் பெயின்ட்டோடு உரிந்து வரும். ஒழுகும் குழாயோ மாடித் தளமோ, தண்ணீர் வரும் இடத்தை அடைக்க வேண்டும். அது வாடகைக்காரர் கையில் இல்லை என்பது தெரியும். பீரோவையும் கட்டிலையும் அந்தச் சுவரில் இருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், ஈரத்துணியை அந்த அறைக்குள் காயப்போடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது இவ்வளவுதான். துடைக்கும்போது மூக்கில் மாஸ்க், துணி ஈரமாக இருக்கட்டும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் அறை முழுக்கப் பறக்கும். வீடு பெருக்குவதும் அப்படியே: முதலில் ஈரத்துணி, அப்புறம்தான் துடைப்பம்.

இன்னொன்று. பாத்ரூம் கழுவும்போது பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் சேர்த்து ஊற்றாதீர்கள். 'ரெண்டும் சேர்ந்தா நல்லா வெளுக்கும்' என்று செய்பவர்கள் நிறையப் பேர். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அந்தச் சின்ன அறையில் கண் எரிந்து மூச்சு அடைக்கும். பீரோவில் போடும் அந்துருண்டையையும் குழந்தைத் துணியோடு வைக்க வேண்டாம். சில குழந்தைகளுக்கு ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு இருக்கும். அவர்களுக்கு அந்த வாடையே ரத்த அணுக்களை உடைக்கக்கூடியது.

எதிர் வீட்டில் போன மாதம் ஜன்னலுக்கு நெட் போட்டார்கள். பையனுக்கு வீசிங் நின்றுவிட்டது என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆஸ்துமாவுக்குப் புகை தவிர ஆயிரம் காரணம் உண்டு. டாக்டர் கொடுத்த இன்ஹேலரை அவர்கள் நிறுத்தவில்லை, நீங்களும் நிறுத்தாதீர்கள். இன்ஹேலர் பழகிவிடும் என்று பாதியில் விடுவதுதான் புகையைவிடப் பெரிய ஆபத்து. குழந்தை மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவில் தோல் உள்ளே குழிந்தாலோ, ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.